மெர்வினின் இருபது நிமிஷம்

"இந்த மெர்வின் சார் இன்னா, என்னைப் பழி வாங்குறாரா?"

மேனேஜர் அறைக்குள் நுழைந்ததும் சத்யப்ரியா கேட்ட முதல் கேள்வி இதுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ஸ்ரீநிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா? நிதானமா சொல்லு."

"நிதானமால்லாம் எனக்குச் சொல்ல வராது சார்."

கேம்ப் ரோட்டில், மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். ஒரு கண் ஆஸ்பத்திரியின் பழைய நோயாளி அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. ப்ளஸ் டூ முடித்த கையோடு கோவளத்திலிருந்து வந்து சேர்ந்தவள் சத்யப்ரியா. மூன்று மாத ட்ரயல் இன்றோடு முடிகிறது. மாசம் பத்துத் தப்புக்கு மேல் போனால் வேலை கிடையாது. ப்ரோக்ராம் போடும் தப்பு லிஸ்ட்டில் அவள் பெயரில் இதுவரை ஒன்றுகூட இல்லை.

"பக்கத்து சீட்டு கிட்டு அண்ணா ஃபைலைக் குடுத்தா உடனே ப்ரோக்ராம்ல ஓட்டுறாரு. என் ஃபைலை மட்டும் இருபது நிமிஷம் வெச்சு அடைகாக்குறாரு. அது முடியாம நான் கிளம்பக் கூடாது. டெய்லி பஸ் போயிடுது சார். எங்கடி சுத்திக்கினு வர்றேன்னு வூட்ல கேக்குறாங்க."

"நீ அவரை ஏதாவது சொன்னியா?"

"உங்க அந்தக் காலத்து கோபோல் ப்ரோக்ராம் வண்டலூர் ஜூல இருக்க வேண்டியதுன்னு சொன்னேன். உண்மைதானே?"

மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெர்வினைக் கூப்பிட்டார். ப்ரோக்ராமர் மெர்வின் வந்து கதவோரமாக நின்றார்.

"இந்தப் பொண்ணு ஃபைலை வெச்சுக்கிட்டு இருபது நிமிஷம் என்னய்யா பண்றே?"

"சும்மா... ஒரு தடவை பார்ப்பேன் சார்."

"தப்பே இல்லாத ஃபைல்ல என்ன பார்வை?"

"ஒரு பழக்கம்தான் சார்," என்றார் மெர்வின்.

"பார்த்தீங்களா சார்? பழக்கமாம்!" என்றாள் சத்யப்ரியா.

"இன்னிக்கு ஃபைலை இப்பவே என் கண் முன்னாடி ஓட்டு. முடிஞ்சதும் இவளோட பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்."

மெர்வினின் முகம் மாறியது. "சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

"ஓட்டுய்யா!"

மேனேஜரின் கம்ப்யூட்டரிலேயே ஓட்டினார். திரையில் தப்பு லிஸ்ட் கொட்ட ஆரம்பித்தது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.

மேனேஜர் திரையில் விரலை வைத்தார். "வயசுக்கு மூணு கட்டம். ஏழு வயசுன்னா சைபர் சைபர் ஏழு. கட்டம் காலியா இருந்தா இந்த ப்ரோக்ராம் அதை எழுத்தாத்தான் பார்க்கும், எண்ணா மாத்தாது. இங்கே எல்லாமே வெறும் ஏழு, வெறும் நாப்பதுன்னு நிக்குதே!"

சத்யப்ரியா கிட்டே போய்த் திரையைப் பார்த்தாள். முதல் வாரமே மெர்வின் இதை அவளிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார். 'ஏழுன்னா ஏழுதான், இன்னாத்துக்கு வெட்டியா சைபர்?' என்று அவள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் லிஸ்ட்டில் தப்பே வராததால், தான் சொன்னதுதான் சரி என்று இருந்துவிட்டாள்.

"என் தப்பு சார்," என்றார் மெர்வின். "மத்தியானம் ஃபைலைக் காப்பி பண்ணும்போது சைபரையெல்லாம் நான்தான் அழிச்சுட்டேன் போல. பொண்ணு சரியாத்தான் அடிச்சிருக்கு."

"கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு வேலை பார்க்க மாட்டியா? நாளைக்கு உனக்கு மெமோ."

"சரிங்க சார்."

மேனேஜர் பேனாவைத் திறந்து அவளுடைய ஆர்டரை இழுத்து வைத்தார். அவள் அரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், வேலை நிரந்தரம்.

"பொய் சொல்றாரு சார்!"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்யப்ரியாவின் கண் நிரம்பியிருந்தது.

"சைபரே நான் ஒரு நாளும் போட்டதில்ல சார். மூணு மாசமா டெய்லி அந்த இருபது நிமிஷம் உக்காந்து ஒவ்வொண்ணா எனக்காகப் போட்டது இவருதான்."