உன்னைவிட

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடக்கும் மாடியை ஒட்டி ஒரு வாதுமை மரம். அதில் ஜன்னலோரக் கிளையில் குடியிருந்த பவளமூக்கி என்ற கிளி, வாத்தியார் ஒப்பிட்டுப் பேசக் கற்றுக்கொடுத்த பாடத்தை ஒரு வாரம் விடாமல் கேட்டுவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

பக்கத்துக் கிளை அணில் "குட் மார்னிங்க்கா" என்றால் போதும், "பெட்டர் தேன் யூ" என்பாள். 'உன்னைவிட மேல்' என்று அர்த்தமும் சொல்வாள். உன்னைவிடப் பச்சை, உன்னைவிட உயரம், உன்னைவிடப் புத்திசாலி. அணிலுக்குக் காது புளித்துப்போயிற்று.

ஒருநாள் மதியம் பூனை ஒன்று மரமேறி வந்தது. இந்தப் பக்கம் கிளி, அந்தப் பக்கம் அணில். ஒருவரைப் பிடித்தால் இன்னொருவர் ஓடிவிடுவார்.

"உங்க ரெண்டு பேர்ல யாருங்க கொழுகொழுன்னு இருக்கறது?" என்று பூனை மரியாதையாகக் கேட்டது.

அணில் வயிற்றை எக்கிக்கொண்டு, "நான் ரெண்டு நாளாப் பட்டினிங்க" என்றான்.

பவளமூக்கிக்குப் பொறுக்கவில்லை. "இவனைவிட நான்தான்! ருசியும் எனக்குத்தான் ஜாஸ்தி!"

பூனை பாய்ந்தது. கிளி எதிர்வீட்டு மாடிக்குப் பறந்துவிட்டாள், வால் மட்டும் பூனையின் வாயில் தங்கிவிட்டது. அது இறகைத் துப்பிக்கொண்டிருந்த நேரத்தில் அணிலும் அங்கேயே தாவினான். தாவியதில் அவனுக்கு முழங்கால் சிராய்த்துவிட்டது.

"ரொம்ப வலிக்குதாக்கா?" என்று மூச்சு வாங்கியபடி கேட்டான்.

பவளமூக்கி மொட்டையாகிப்போன தன் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முழங்காலையும் பார்த்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினாள்.

"உன்னைவிட ஜாஸ்திடா!"