தொட்டுக் காட்டிய தோள்

மூன்றாம் முறையும் மோகனப்ரியா அதே தோளைத்தான் தொட்டாள். மாஜிஸ்திரேட் எதையோ குறித்துக்கொண்டு, "போதும்மா, நீங்க வெளிய இருக்கலாம்" என்றார். அந்தக் குரலில் ஏன் அத்தனை அலுப்பு என்று அவளுக்குப் புரியவில்லை.

கிளைச் சிறையின் முற்றத்தில் அடையாள அணிவகுப்புக்காக ஒரே வயதும் ஒரே உயரமுமாக ஆண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் சட்டையை மாற்றி, இடத்தை மாற்றி நிறுத்தினார்கள். அவள் கை மட்டும் மாறவில்லை.

வெளியே ஜீப்பில் சாய்ந்து நின்ற இன்ஸ்பெக்டர் ரத்தினவேலுக்கு அதற்குள் விஷயம் எட்டியிருந்தது.

"என்னம்மா இப்படிக் கவுத்துட்ட? நாங்க புடிச்சு வெச்சிருக்கறது கோபிய. நீ தொட்டது யாரு தெரியுமா? சும்மா எண்ணிக்கைக்கு நிக்க வெச்ச ஆளு!"

"இல்ல சார், அந்த மொகந்தான். எம் புருஷனக் குத்துனது அவன்தான்."

"அவரு பேரு பிரகாஷ். லேத் ஆபரேட்டரு. நீ வேல பாக்கறியே, அதுக்கு எதுத்த கம்பெனி. அணிவகுப்புக்கு ஆள் வேணும்னு ஒவ்வொரு கம்பெனி வாசல்லயும் போயி நின்னோம். போலீஸ் கேஸுன்னதும் அவனவன் நழுவிட்டான். அந்த மனுஷன் மட்டும் தானா வந்து, லீவு சொல்லிட்டு ஜீப்புல ஏறுனாரு. அவரப் போயி கொலகாரன்ங்கறியே, நல்லாருக்குதா?"

மோகனப்ரியா சிறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஸ்கூட்டரை அவள் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து அவள் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு வருவது கணவன் கமலக்கண்ணனுக்குப் பிடிக்கும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தான். சூளகிரி சர்வீஸ் ரோட்டில் ஒரு பைக் குறுக்கே வந்து நின்றது. ஒரு கை அவள் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தது. கமலக்கண்ணன் அந்தக் கையை விடவில்லை. இழுபறியில் பைக்காரனின் ஹெல்மெட் கழன்று விழ, அந்த முகத்தை அவள் பார்த்தாள். பிறகு கத்தியைப் பார்த்தாள்.

"அங்கதாம்மா விஷயம்" என்றார் ரத்தினவேல், குரலைத் தணித்துக்கொண்டு. "கத்தியப் பாத்த கண்ணு மொகத்தப் பாக்காது. அப்புறம் மனசு சும்மா இருக்குமா? எங்கியோ பாத்த மொகத்த எடுத்து அந்த எடத்துல ஒட்டிக்கும். ட்ரெய்னிங்ல எங்களுக்குப் பாடமே இருக்குது. கம்பெனி பஸ்ல தெனம் எத்தன பேரப் பாக்கற? அதுல ஒரு மொகம் இது."

இருக்கலாம். ஷிப்டு முடிந்து திரும்பும் பஸ்ஸில் வாய் பிளந்து தூங்கும் முகங்கள், தொழிற்பேட்டை வாசலில் அரை வெளிச்சத்தில் காத்திருக்கும் முகங்கள். யாரை எங்கே பார்த்தோம் என்று யார் கண்டார்கள்?

"கோபிதான்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"கேள்வி கேட்டா எச்சி முழுங்கறான். கண்ணப் பாத்துப் பேச மாட்டேங்கறான். என்னோட சர்வீஸுக்குப் பொய்ய மோந்தே சொல்லுவேன்."

அந்த நேரத்தில் கம்பிக் கதவுக்கு அப்பால் கோபியை அறைக்குத் திருப்பி அழைத்துப் போனார்கள். தக்காளி மண்டியில் மூட்டை தூக்குகிறவன். அவளைக் கண்டதும், "நேனு காதக்கா… நேனு காதக்கா…" என்று தெலுங்கில் அழுதான். நான் இல்லை அக்கா என்று சொல்லும்போதும் அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"பாத்தியா? உங் கண்ண அவனால பாக்க முடியுதா?"

உண்மைதான். அந்தப் பிரகாஷ் அப்படி நிற்கவில்லையே. தோளைத் தொட்டபோதெல்லாம் அவள் கண்ணை நேருக்கு நேர் பார்த்தபடிதானே நின்றார்? மடியில் கனம் இருப்பவன் அப்படிப் பார்ப்பானா?

பயத்தில் ஆளை மாற்றிக் காட்டிவிட்டதாகவும், கொன்றவன் கோபிதான் என்றும் அவள் வாக்குமூலமாக ரத்தினவேல் எழுதினார். மோகனப்ரியா கையெழுத்துப் போட்டாள்.

"கோர்ட்டுல இதையே சொல்லு. இனிமே பேச்ச மாத்துன, உன்னப் பைத்தியம்னுடுவாங்க" என்றார் அவர்.

பஸ் ஸ்டாப்பில் பிரகாஷ் டீ குடித்துக்கொண்டு நின்றிருந்தான். நேரே போய்க் கை கூப்பினாள்.

"அண்ணா, மன்னிச்சிருங்கண்ணா. உதவிக்கு வந்த உங்களப் போயி…"

"அட, விடும்மா. பறிகொடுத்த மனசு, என்ன பண்ணும்?" கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தான். "இன்ஸ்பெக்டர் என்ன சொன்னாரு?"

"கோபிதான்னு கையெழுத்துப் போட்டுட்டேன்ணா."

"நல்லது. மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

கிருஷ்ணகிரி பஸ் வந்தது. கூட்டத்தில் அவள் ஏறுவதற்குள் அவனே அவள் பையை வாங்கி ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடித்துக் கொடுத்தான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வாங்கி நீட்டினான். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அவளுக்குக் கண் நிறைந்தது. கமலக்கண்ணன் போன பிறகு யாரும் அவளுக்கு இடம் பிடித்துத் தந்ததில்லை.

மனதில் மிச்சமிருந்த உறுத்தலையும் அங்கேயே தீர்த்துவிட நினைத்தாள்.

"அண்ணா, நீங்க எந்த ரூட்டு கம்பெனி பஸ்ல வருவீங்க? உங்கள அதுலதான் பாத்திருக்கேன்."

"பஸ்ஸா?" அவன் சிரித்தான். "சேந்த நாள்லேர்ந்து எனக்கு பைக்குதான்."

கண்டக்டர் விசில் ஊதினார். நகரும் பஸ்ஸோடு கூடவே நடந்தபடி, அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குனிந்து, வரிசையில் நின்றபோது பார்த்த அதே பார்வையாக அவள் கண்ணைப் பார்த்தான்.

"நீ சரியாத்தான் தொட்ட, தங்கச்சி."