போட்டுக்கொடுத்த ஈரல்

“எவ்வளவு மாத்திரை கொடுத்தாலும் இவர் ரத்தத்துல நிக்க மாட்டேங்குது. ஈரல் அவ்வளவு வேகமா கரைச்சிடுது” என்றார் டாக்டர் சந்தோவால்.

எவரிஸ்தோ தன் மனைவி எதெல்வினாவைப் பார்த்துவிட்டு, “ஏன் டாக்டர் அப்படி?” என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். குவாதலஹாரா நகரில் வேறு எந்த டாக்டரும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

“அதுக்குத்தான் ஈரல்ல ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தோம். பிறவியில வந்த மரபணு மாறாது. ஆனா நாம வாழ்ற வாழ்க்கை அது மேல குறி போட்டுக்கிட்டே இருக்கும். இந்த ஈரல்ல இருக்கறது சிகரெட் போட்ட குறி, அதான் மருந்தை இப்படிக் கரைக்குது. பல வருஷப் பழக்கம்.”

எதெல்வினா கணவன் பக்கம் திரும்பினாள்.

“அடப்பாவி மனுஷா! உன் சட்டையை மோந்து பார்த்துட்டுத்தானே தினமும் தோய்க்கிறேன்? எங்கே ஒளிஞ்சு நின்னு ஊதினே?”

“சப்போபான் மாதா சத்தியமா நான் தொட்டதே இல்லைடி!”

“மாதாவை ஏன் இழுக்கறே? உன் ஈரலே சாட்சி சொல்லுதே!”

டாக்டர் தொண்டையைச் செருமினார்.

“கொஞ்சம் பொறுங்கம்மா. அவரோட ஈரலைத்தான் போன வருஷமே எடுத்தாச்சே. நீங்க வெட்டிக் கொடுத்த பாதிதானே இப்ப அவர் வயித்துல இருக்கு?”

எதெல்வினா கைப்பையைத் திறந்தாள். எதையும் எடுக்காமல் மூடினாள்.

எவரிஸ்தோவின் முகத்தில் கோபமே இல்லை. வெகுநாள் புதிர் ஒன்று விடுபட்டதுபோல அவளைப் பார்த்தான்.

“அதானா? மழை கொட்டும்போதுகூட துணி காயப்போடறேன்னு மொட்டை மாடிக்குப் போவியே!”