இரவில் ஒரு தேக்கரண்டி

"பதினொன்னு பத்துக்குத் தலை சாஞ்சிருக்கு. காலைல ஆறு மணி வரைக்கும் ஒரு அசைவு இல்ல," என்றார் டாக்டர். கண் திரையிலேயே இருந்தது. "மூக்கு மேல கொசு வந்து உக்காந்திருக்கு. அதக்கூட நீங்க தட்டல."

கேமராவில் என் வாய் திறந்து கிடந்தது. கல்யாண ஆல்பத்தில்கூட நான் அவ்வளவு நிம்மதியாக இல்லை.

தூக்கப் பரிசோதனைக் கூடம் அது. தூக்கம் கெட்டவர் தலையில் இருபது ஒயர்களை ஒட்டி, மூச்சு, இதயத் துடிப்பு, குறட்டை என்று விடிய விடியப் பதிவு செய்வார்கள். காலையில் டாக்டர் அதைப் பார்த்துக் கோளாறைச் சொல்வார். என் கோளாறைச் சொல்ல ஒயரே தேவையில்லை.

பதினோரு வருடமாக நான் ராத்திரியில் தூங்கியதில்லை. குளிர்பதனக் கிடங்கு, சுங்கச்சாவடி, அச்சகம், எல்லாமே இரவுப் பணி. மூன்றையும் நானே விட்டேன் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். விரட்டினோம் என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். பகலில் படுத்தால் தூக்கம் வராது. வலது தோள்பட்டை வலி மட்டும் தவறாமல் வரும்.

மேசையில் என் படிவம் கிடந்தது. டாக்டரின் கையெழுத்து விழுந்தால் ஒன்றாம் தேதியிலிருந்து எனக்கு வேலை நிரந்தரம். விழாவிட்டால், "இதுவும் போச்சா?" என்று மனைவி கேட்பாள். அந்தக் கேள்வியை அவள் இப்போதெல்லாம் சட்டினி அரைத்துக்கொண்டே கேட்கிறாள்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"மாத்திரையெல்லாம் இல்லங்க டாக்டர். வேர்தான். வலேரியன் வேர்ப் பொடி. மச்சான் குடுத்தான். 'மாப்ளே, தூக்கத்துக்கும் கேக்கும், வலிக்கும் கேக்கும்'னான்."

டப்பாவைத் திறந்ததும் மனைவி அலமாரிக்கு அடியில் செத்த எலியைத் தேட ஆரம்பித்ததை டாக்டரிடம் சொல்லவில்லை. ஒரு வாரம் துவைக்காத காலுறை நாற்றம். "எலின்னா தூக்கிப் போட்டுடலாம். நீங்க இதக் குடிக்கவேற போறீங்களே!" என்றாள். பக்கத்து வீட்டுப் பூனை மட்டும் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உருண்டது. என் முடிவை ஆதரித்த ஒரே ஜீவன் அதுதான்.

"எவ்வளவு போட்டீங்க?"

"ரெண்டு ஸ்பூன். வெந்நீர்ல."

"எத்தன மணிக்கு?"

"சரியா ஒம்போது. டப்பாவுல 'இரவில் ஒரு தேக்கரண்டி'ன்னு அச்சடிச்சிருந்துச்சு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இரவில்னு போட்டிருந்தா, நீங்களும் இரவிலேயே குடிச்சிடுவீங்களா?"

"எழுதியிருக்கறத மீறிப் பழக்கமில்லங்க."

"ஒரு ஸ்பூன்னும் அதுலதான எழுதியிருக்கு?"

அரைகுறையாகப் படிக்கிற வழக்கம் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு.

"தோள் வலி எப்படி இருக்கு?"

"துளிகூட இல்ல." கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். "கழுத்துதான் திரும்ப மாட்டேங்குது."

"நாற்காலில உக்காந்தபடியே ஏழு மணி நேரம் தூங்கினா எப்படித் திரும்பும்?" சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "இந்த வேர் எல்லாருக்கும் கேக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது. முதல் நாளே இப்படி அடிச்சுப் போடறதும் அபூர்வம். பாதி வேர் பண்ண வேலை. மீதி, பதினோரு வருஷமா நீங்க தூங்காம விட்ட தூக்கம். தூக்க மாத்திரையோட மட்டும் இதச் சேத்துடாதீங்க."

குரல் இளகியிருந்தது. இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தேன்.

"டாக்டர், அந்தக் கையெழுத்து... இனிமே வேரைத் தொட மாட்டேன். எலி செத்த நாத்தம் எங்க வீட்டுப் பக்கமே வராது."

"எலியா?"

"ஒண்ணுமில்லங்க."

டாக்டர் படிவத்தை இழுத்து எதிரில் வைத்தார். பேனாவின் மூடியைத் திறந்தார். பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றது.

"கையெழுத்துப் போட எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா ஒருத்தரக் கேக்கணும். அவர் பரவால்லன்னா, இப்பவே போட்டுத் தர்றேன்."

கதவைத் தட்டாமல் ஒரு ஆள் உள்ளே வந்தார். கக்கத்தில் தலையணை. தலைமுடி பசையில் ஒட்டிக்கொண்டு நாலா பக்கமும் நின்றது. காதுக்குப் பின்னால் ஒரு சிவப்பு ஒயர் தொங்கியது. கண்கள் அதைவிடச் சிவப்பு.

அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"ஒயர எனக்கு மாட்டி விட்டுட்டு, குறட்டைய நீங்க விட்டா எப்படி, டெக்னீஷியன் சார்?"