எழுநூறு சுற்று

"ஷாஃப்ட் உடைஞ்சதுக்கு ஆபரேட்டர்தான் காரணம்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க சார். மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார் மேனேஜர்.

வேலையை விட்டுத் தூக்கும் கடிதம் ஏற்கெனவே தயார்.

எழுத எனக்கும் தயக்கமில்லை. குடிநீர் பம்ப்பை எஞ்சினோடு இணைக்கும் ஷாஃப்ட் போன வருடமும் முறிந்தது. இந்த வருடமும் அதே மாதத்தில் முறிந்திருக்கிறது. எஞ்சின் ஒரு சக்கரம், பம்ப் ஒரு சக்கரம், நடுவில் ஷாஃப்ட் ஒரு ஸ்பிரிங் என்று கம்ப்யூட்டரில் மாடல் போட்டேன். நிமிடத்துக்கு எழுநூறு சுற்றில் மட்டும் ஷாஃப்ட் ஈரத்துணி மாதிரி இப்படியும் அப்படியும் முறுக்கிக்கொள்கிறது. சத்தம் வராது, வெளியே தெரியாது. சட்டென்று தாண்டிவிட்டால் ஆபத்தில்லை. அங்கேயே நின்றால் போச்சு.

பதிவேட்டைப் பார்த்தால் பத்து நாள், தினமும் மூன்று மணி நேரம், சரியாக எழுநூறு!

முதல் முறையாகப் பம்ப் ஹவுஸுக்குப் போனேன். ஆபரேட்டர் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஆயிரத்துல ஓட வேண்டியதை ஏன் எழுநூறுல ஓட்டினீங்க?"

"சத்தம் குறையத்தான் சார்."

"ஏன், தூக்கம் கெடுதா?"

அக்கா கோபப்படவில்லை.

"பின்சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் சார். போன வருஷம் பரீட்சை நேரத்துல ஒரு பொண்ணோட அப்பா ஹெட்மிஸ்ட்ரஸுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவங்க என்கிட்ட கொடுத்தாங்க. அதுலேர்ந்து பசங்க எழுதி முடிக்கற வரைக்கும் குறைச்சு ஓட்டறேன். தண்ணி குறையக் கூடாதுன்னு சாயங்காலம் கூடுதலா இருந்து ஓட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். எழுநூறுல நிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே சார்?"

டிராயரிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். 'அந்த இரைச்சலை அடக்க, மனசாட்சி உள்ள ஒரு ஆள்கூடவா அங்கே இல்லை?' என்று முடிந்திருந்தது.

எனக்கு முகம் சுட்டது.

லேப்டாப்பைத் திறந்தேன். ஷாஃப்டை எஞ்சினோடு பூட்டும் கப்ளிங்குக்குப் பதிலாக, ரப்பர் வைத்த கப்ளிங்கை மாடலில் சேர்த்துப் பார்த்தேன். அந்தப் பாழாய்ப்போன முறுக்கல் ஐநூறுக்குக் கீழே இறங்கிவிட்டது.

அவர் மேஜையிலேயே உட்கார்ந்து அறிக்கையைத் திருத்தினேன். 'ஆபரேட்டர் மீது தவறில்லை. கப்ளிங்கை மாற்றினால் எழுநூறில் தாராளமாக ஓட்டலாம்.'

எட்டிப் பார்த்த அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வேலை போயிடும்னு ரெண்டு நாளா சாப்பாடே இறங்கல சார். அந்த அப்பாவையும் குத்தம் சொல்ல முடியாது, பெத்த மனசு!"

எனக்கும் மனசு லேசானது. ஆனால் அறிக்கையின் அடியில் என் வழக்கமான கிறுக்கல் கையெழுத்தைப் போடாமல், பெயரைக் குண்டு குண்டாக எழுதி வைத்தேன். அந்தப் பரீட்சைக் கடிதத்தின் அடியில் பெயரில்லாமல் இருப்பதும் அதே கிறுக்கல்தான் என்று அக்கா கண்டுபிடித்துவிடக் கூடாதே!