பெயருக்குப் பின்னால் ஒரு சொல்

காலணிகளை நீலத் தார்ப்பாயின் ஓரத்தில் வரிசையாக விட்டுவிட்டு, பல வருடம் ஒரே அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களைப் போல உட்கார்ந்தோம்.

உண்மையில் அன்று காலையில்தான், உவேனோ ரயில் நிலையத்தின் பூங்கா வாசலில், ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்தோம்.

எங்களை வாடகைக்கு அமர்த்தியவர் குரிஹாரா. ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவின் தலைவராக இருந்தவர். வேலை போனதை மகளிடம் அவர் சொல்லவில்லை.

செர்ரிப் பூக்காலத்தில் செந்தாய் நகரத்திலிருந்து வரும் மகள், அப்பாவின் அலுவலகத்தார் அவரோடு மரத்தடியில் குடித்துச் சிரிப்பதைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் நாங்கள்.

கூட்டம் காட்ட வரும் எங்களைப் போன்றவர்களை இங்கே சகுரா என்பார்கள். இந்தச் செர்ரிப் பூவின் பெயரேதான்.

இடம் பிடிக்க விடியலிலேயே வந்து உட்காருவது கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரின் கடமை. அதையும் குரிஹாராவே செய்திருந்தார். மகள் கேட்டால் நான் பிடித்ததாகச் சொல்ல வேண்டும்.

எனக்கு அந்த மகளைப் பார்க்க ஆவலாக இருந்தது. ஒரு மனிதர் இவ்வளவு மெனக்கெட்டு ஏமாற்ற நினைக்கும் முகம் எப்படி இருக்கும்?

சாதாரணமாகத்தான் இருந்தது. மூக்கில் கண்ணாடித் தழும்பு. கையில் பெரிய சாப்பாட்டு அடுக்கு. நவோ என்று பெயர் சொல்லி, எங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குனிந்து வணங்கினாள்.

"இந்த ஏப்ரல்ல பழைய ஆளுங்களையெல்லாம் மாத்திட்டாங்கம்மா. பிரிவு முழுக்கப் புதுசு," என்றார் குரிஹாரா, எங்களைப் பார்க்காமல்.

மேலதிகாரியாக நடித்த மியாகே, வறுத்த கோழியை மென்றபடி சொன்னார்: "உங்கப்பா பாடினா மொட்டுகூடக் கொட்டிடும்மா. அதான் பூ முடியறவரைக்கும் மைக்க கையில குடுக்கிறதில்ல."

குரிஹாரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாங்கள் யார் என்பதையே அந்த நேரம் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

நவோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஆபீஸில் அப்பா எப்படி என்று கேட்டாள்.

"குரிஹாரா ரொம்பப் பொறுமைங்க. நாங்க செய்யற தப்பையும் தன் தலைல போட்டுக்குவாரு."

சொன்ன பிறகுதான் உறைத்தது.

வெளியாரிடம் பேசும்போது நம் அலுவலகத்தாருக்கு 'சான்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்ப்பதில்லை. மேலாளரே ஆனாலும் வெறும் பெயர்தான். முன்பு ஒரு கம்பெனியில் தொலைபேசி எடுத்து எடுத்து அப்படியே பழகிய வாய் எனக்கு.

ஆனால் கேட்பவர் அவர் வீட்டு மனுஷி என்றால், சான் இல்லாமல் பேசவே கூடாது. தினமும் அவர் முன்னால் கைகட்டி நிற்கும் ஒருத்திக்கு அது தவறவே தவறாது.

மியாகே மெல்லுவதை நிறுத்தினார். குரிஹாராவின் காதுகள் சிவந்தன. பக்கத்துத் தார்ப்பாயில் யாரோ கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

நவோ பீர் பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து, என் கோப்பையை நிரப்பக் குனிந்தாள். அவள் முடி என் கன்னத்தில் பட்டது.

"சான் போடுங்க," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "போன வருஷம் வந்தவங்க அதெல்லாம் சரியாத்தான் பண்ணாங்க. ஆனா அப்பாவ ஒரு தடவைகூடச் சிரிக்க வைக்கல."

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, அப்பா வேறு என்னவெல்லாம் பாடுவார் என்று மியாகேயைச் சத்தமாகக் கேட்டாள்.