மூன்று தடவை

டயர் கடை மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ஹெலன் மிஸ் ஒரு வழக்கம் வைத்திருந்தார். யாராவது பிழையில்லாமல் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால், அதை மொத்த வகுப்பும் மூன்று தடவை உரக்கச் சொல்ல வேண்டும். அன்றைக்கு 'இஃப்' வாக்கியங்கள். குடை எடுத்து வந்திருந்தால் நனைந்திருக்க மாட்டேன், ஒழுங்காகப் படித்திருந்தால் பாஸாகியிருப்பேன் என்று ஆளாளுக்குத் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு வேலைக்காகச் சேர்ந்திருந்த கிரேன் ஆபரேட்டர் லூர்துராஜ் எழுந்து, தடங்கல் இல்லாமல் ஆங்கிலத்தில் சொன்னார்: "நான் அன்றைக்கு போனை அணைக்காமல் இருந்திருந்தால், என் மனைவி பிழைத்திருப்பாள்."

கிரேனில் ஏறுமுன் போனை அணைத்துக் கீழே பெட்டியில் போடுவது துறைமுகத்தில் எல்லோரும் செய்வதுதான். அன்று இறங்கி வந்து பார்த்தபோது அவர் மனைவி செசிலி பதினோரு தடவை கூப்பிட்டிருந்தாள்.

"சூப்பர் சார்! எப்படி இவ்வளவு கரெக்டா வந்துச்சு?"

"ரெண்டு வருசமா சொல்லிப் பாத்துக்கிட்டே இருக்கேன், மிஸ்."

"கேட்டீங்களா, இப்படித்தான் வீட்ல பழகணும். எங்க, எல்லாரும் சொல்லுங்க."

இருபது பேர் சொன்னார்கள். பெற்ற மகளிடம்கூட லூர்துராஜ் சொல்லாததை, கீழே டயர் கடைக்காரருக்கும் கேட்கும்படி சொன்னார்கள். முன் பெஞ்சுப் பெண் அதை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டுக்கொண்டாள். இரண்டாம் தடவை எல்லோருக்கும் ஒரே ராகம் வந்துவிட்டது.

"கடைசித் தடவை. சார், நீங்க ஆரம்பிங்க" என்றார் மிஸ்.

லூர்துராஜ் வாயைத் திறந்தார். வகுப்பு காத்திருந்தது.